மணிக்கு எத்தனை டாலர்?

வாசகர் கேள்வி – பதில் பகுதி. சென்னையில் புரோகிராமராக வேலைக்குச் சேர்ந்து, டெலிவரி மேனேஜராக ஓய்வுபெற்ற நம் பத்தியாளர், வெளிநாட்டு நிறுவனங்களின் கணினி வேலை இங்கே வருவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த மாதம் பதில் சொல்கிறார்.

என் மகனுக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருக்கிறது. ஆண்டுக்கு மூன்றரை லட்சம். எதிர்வீட்டுப் பையன் 2008-ல் சேர்ந்தபோதும் கிட்டத்தட்ட இதே சம்பளம்தானாம். இத்தனை வருடமாக ஏறாத சம்பளம் நாட்டில் வேறு எங்காவது உண்டா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மன்னார்குடி

யோசித்துப் பார்த்தேன் ஐயா, சட்டென்று எதுவும் சிக்கவில்லை. 2008 வாக்கில் மூன்று லட்சத்தைத் தொட்ட ஃப்ரெஷர் (கல்லூரி முடித்ததும் சேரும் புதியவர்) சம்பளம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. ஐடி கம்பெனிகள் நிறைந்த சோழிங்கநல்லூரில் வாடகை மட்டும் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

உங்கள் மகன் சேரப்போகும் நிறுவனம் எதை விற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் விற்பனைச் சரக்கு ஒரு ஆளின் ஒரு மணி நேரம். அதற்கு ரேட் கார்டு என்று ஒரு பட்டியல் உண்டு. ஜூனியருக்கு இவ்வளவு, சீனியருக்கு இவ்வளவு, வேலை கொடுக்கும் வெளிநாட்டு நிறுவனமான கிளையண்டின் ஊரிலேயே போய் உட்காருகிற ஆன்சைட் ஆளுக்கு இவ்வளவு, இங்கிருந்து செய்யும் ஆஃப்ஷோர் ஆளுக்கு இவ்வளவு. ஒரு பேச்சுக்கு, ஆஃப்ஷோர் ஆளுக்குச் சராசரியாக மணிக்கு 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 160 மணி நேரம் என்றால் 4,000 டாலர். டாலருக்கு 85 ரூபாய் போட்டால் 3,40,000 ரூபாய். உங்கள் மகன் கைக்கு வரப்போவது மாதம் 25,000 சொச்சம். மீதி எங்கே போகிறது?

கேட்டதும் கோபம் வரும். கொஞ்சம் பொறுங்கள். முதல் சில மாதம் உங்கள் மகனுக்கு யாரும் பில் போட முடியாது. பயிற்சி, அப்புறம் 'ஷேடோ' என்று ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது. கிளையண்ட் அதற்குக் காசு தரமாட்டார். நடுவில் புராஜெக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்கும்வரை சும்மா காத்திருப்பவர்களுக்கும் (இதைப் பெஞ்சில் இருப்பது என்போம்) சம்பளம் போக வேண்டும். அமெரிக்காவில் கோட்டு போட்டுக்கொண்டு ஆர்டர் பிடிக்கிறவருக்குச் சம்பளம், கமிஷன். கட்டடம், ஜெனரேட்டர், ராத்திரி கேப். பெரிய ஒப்பந்தம் என்பதால் கிளையண்ட் கேட்கும் தள்ளுபடி. இதெல்லாம் போக, பெரிய நிறுவனங்களின் இயக்க லாபம் 15 முதல் 25 சதவீதம்வரை நிற்கிறது.

முக்கியமான சமாச்சாரம் இன்னொன்று. ஒரு டீமில் மொத்த வடிவமைப்பையும் பார்க்கும் ஒரு ஆர்க்கிடெக்ட், சின்னக் குழுக்களை நடத்தும் இரண்டு மூன்று லீட், கீழே வரிசையாக ஃப்ரெஷர்கள் இருப்பார்கள். இதைப் பிரமிட் என்போம். மேலே இருப்பவர் சம்பளத்துக்கும் அவருக்கு வரும் ரேட்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. லாபம் வருவது கீழ்த்தட்டில்தான். ஆகவே மேலே இருப்பவருக்குச் சம்பள உயர்வு கொடுக்க வேண்டுமானால் கீழே சம்பளத்தை ஏற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காலாண்டும் என் எக்ஸெல் ஷீட்டில் நான் பார்த்த முதல் எண், டீமில் ஃப்ரெஷர் எத்தனை சதவீதம் என்பதுதான். குறைந்தால் மேலிடத்திலிருந்து போன் வரும்.

மணிக்கட்டணமும் பெரிதாக ஏறவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதெல்லாம் கிளையண்டின் கொள்முதல் ஆட்கள் வந்து, 'போன தடவையைவிடக் குறைத்துச் சொல்லுங்கள்' என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். நம்மைக் காப்பாற்றியது ரூபாய். 2008 தொடக்கத்தில் ஒரு டாலர் 40 ரூபாய் அருகில் இருந்தது. இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. டாலரில் ரேட் ஏறாமலே ரூபாயில் வரவு இரட்டித்தது. அந்த வரவு தள்ளுபடியாகவும் சீனியர் சம்பளமாகவும் பங்குதாரர் டிவிடெண்டாகவும் பிரிந்துபோயிற்று. ஃப்ரெஷருக்குத் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை. தமிழ்நாட்டில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். வரிசை குறைந்தால்தானே விலை ஏறும்?

மகன் சேரட்டும். ஆனால் எந்த புராஜெக்டில் போடுகிறார்கள் என்பதில் கண்ணாக இருக்கச் சொல்லுங்கள். வரும் புகார்களை (டிக்கெட் என்போம்) ஒவ்வொன்றாகத் தீர்த்து மூடும் சப்போர்ட் வேலையில் இரண்டு வருடம் உட்கார்ந்தால், வெளியே இன்டர்வியூவில் சொல்ல ஒன்றும் இருக்காது.

இந்த வேலை எல்லாம் இந்தியாவுக்கு வந்ததற்குக் காரணம் நம் ஆங்கிலமும் குறைந்த கூலியும் மட்டும்தானா?
– எம்.ஏ. வரலாறு மாணவி, மதுரை

அவை இரண்டும் 1960-களிலேயே இருந்தன. வேலை அப்போது வரவில்லையே.

டாடா கன்சல்டன்சி (டிசிஎஸ்) 1968-ல் தொடங்கியது. எஃப்.சி. கோலி தலைமையில், 1974-ல் அமெரிக்காவில் கணினி தயாரித்த பர்ரோஸ் கம்பெனிக்காக இங்கிருந்தே புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். அதை இந்த வியாபாரத்தின் ஆரம்பம் என்று சொல்லலாம். ஆனால் கணினி இறக்குமதி செய்ய லைசென்ஸ், வரி, டெல்லிக்கு நடை. 1981-ல் தொடங்கிய இன்ஃபோசிஸுக்குச் சொந்தக் கணினி வந்து சேர 1983 ஆயிற்று. வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியக் கிளையில் 40 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தால் ஐபிஎம் 1978-ல் மூட்டை கட்டியது. அவர்கள் விட்டுப்போன கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்திடம் வந்தது. ஒரே கம்பெனியின் மெஷினில் ஊறிப்போகாமல் பல கம்பெனி மெஷின்களோடு நம் பொறியாளர்கள் மல்லுக்கட்டியது பின்னால் கைகொடுத்தது.

எண்பதுகளில் நடந்ததற்கு 'பாடி ஷாப்பிங்' என்று பெயர். வேலை இங்கே வரவில்லை. ஆள் அங்கே போனார். விசா, பெட்டி, ஊறுகாய் பாட்டில். வேலையே கடல் தாண்டி வர வேண்டுமானால் கம்பி வேண்டும், இல்லாவிட்டால் செயற்கைக்கோள் வேண்டும். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூருக்கு வந்தபோது சொந்தமாக ஒரு செயற்கைக்கோள் இணைப்பே வைத்துக்கொண்டது. சின்னக் கம்பெனிக்கு அதற்கு வழி ஏது? 1991-ல் மத்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அமைப்பைத் தொடங்கி, இணைப்பைப் பங்குபோட்டுக் கொடுத்தது. நொடிக்கு 64 கிலோபிட் வேகம். இன்று உங்கள் செல்போனில் ஒரு போட்டோகூட அந்த வேகத்தில் நகராது. அதில்தான் நாங்கள் ராத்திரி எழுதிய புரோகிராமை அனுப்பிவிட்டு, முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தப் பக்கம் போன் போட்டுக் கேட்போம். கூடவே ஏற்றுமதி வருமானத்துக்கு வரிவிலக்கு. அந்தப் பூங்காக்களுக்கான சலுகை 2011 மார்ச்சில்தான் முடிந்தது.

அப்புறம் ஒய்2கே எனப்பட்ட 2000-ஆம் ஆண்டுப் பிரச்சினை. வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்த பழைய புரோகிராம்கள் (பெரும்பாலும் கோபால், அதாவது COBOL, என்ற கணினி மொழியில் எழுதியவை), 2000 பிறந்ததும் '00' என்பதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். திருத்துவது சுலபம்: 50-க்குக் கீழே இருந்தால் முன்னால் 20 போடு, இல்லாவிட்டால் 19 போடு. கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தேதிக்குத் தேதி என்றே பெயர் வைத்திருந்தால் கம்ப்யூட்டரே தேடித் தந்துவிடும். முப்பது வருடம் முன்னால் எழுதியவர் அதற்குத் தன் பெண் பெயரை வைத்திருப்பார். லட்சக்கணக்கான வரிகளை அச்சடித்து, பச்சைக்கோடு போட்ட காகிதத்தில் ஸ்கேல் வைத்துப் படித்தோம். அமெரிக்காவில் அந்தச் சலிப்பான வேலைக்கு ஆள் இல்லை. நம் ஊரில் இருந்தார்கள். அந்த வேலை மூலம்தான் பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தங்கள் பழைய சிஸ்டத்தை முதன்முறையாக நம்மைத் திறந்து பார்க்கவிட்டன. உள்ளே போன பிறகு நாம் வெளியே வரவேயில்லை.

தமிழ்நாட்டுக் கதையும் இதே காலம்தான். காக்னிசண்ட் 1994-ல் சென்னையில் தொடங்கியது. மாநில அரசின் முதல் ஐடி கொள்கை 1997. தரமணியில் டைடல் பார்க் 2000.

நேராகவே கேட்கிறேன். அமெரிக்கக்காரன் வேலையை நாம் பறித்தோமா இல்லையா?
– மில் தொழிலாளியாக இருந்தவர், கோயம்புத்தூர்

பறித்தது என்ற சொல்லுக்குச் சண்டை போடலாம். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஒஹையோவில் ஒரு காப்பீட்டு நிறுவனம். கே.டி. வாங்கப் போயிருந்தேன். அறிவுப் பரிமாற்றம் என்று தமிழில் அழகாகச் சொல்லலாம். நடப்பது என்னவென்றால், போகப்போகிறவர் வரப்போகிறவருக்கு வேலை சொல்லிக்கொடுப்பது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். அவரிடம் ஒரு ஸ்பைரல் நோட்டு இருந்தது. எந்த ராத்திரி தானாக ஓடும் எந்தப் புரோகிராம் நின்றுபோகும், ஏன், அப்போது எந்தக் கிளைக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். கம்பெனியின் ஆவணங்களில் இதில் ஒரு வரியும் கிடையாது. தினமும் நான்கு பக்கம் எனக்கு விளக்கினார். என்மேல் கோபம் இல்லை. அவருடைய மேனேஜர் அறைப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார். வேறு இடங்களில் சிலர் பாதியைச் சொல்லாமலே போனார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இது எப்போதோ நடந்த கதை இல்லை. ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் சுமார் 250 கணினி ஊழியர்களை நீக்கியதும், அவர்களில் பலர் தங்கள் இடத்துக்கு வந்த இந்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போக நேர்ந்ததும் 2015-ல் பெரிய செய்தி. அதற்கும் முன்னால், 2004-ல், அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர் கிரெகரி மேன்கியூ, வெளிநாட்டுக்கு வேலை அனுப்புவதும் ஒருவகை வாணிபம், நீண்ட காலத்தில் நாட்டுக்கு அது லாபமாகவே இருக்கும் என்று சொன்னார். அவர் கட்சிக்காரர்களே அவர்மேல் பாய்ந்தார்கள். கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் லாபம் ஒருவர் கணக்கில் ஏறுகிறது, நஷ்டம் வேறொருவர் வீட்டில் இறங்குகிறது. மில் மூடியதைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மருமகள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். சமையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரத்தில்தான் தினமும் மீட்டிங். அதுவும் சில மாதம் ஆறரை மணிக்கு, சில மாதம் ஏழரைக்கு. வேண்டுமென்றே செய்கிறாளோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

அம்மா, மருமகளை விட்டுவிடுங்கள். அமெரிக்க அரசாங்கத்தைக் கேளுங்கள்.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள்; நவம்பர் முதல் ஞாயிறு திரும்பப் பின்னால். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்பது கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. அவர்களுக்கு வேலை தொடங்கும் நேரம், நமக்கு அடுப்படி நேரம். இரண்டு பக்கமும் விழித்திருக்கும் நேரம் அது ஒன்றுதான் வசதி. அதில்தான் அன்றைக்குச் செய்ததைச் சொல்லி, நாளைக்குச் செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

'நீங்கள் தூங்கும்போது நாங்கள் வேலை செய்வோம், இருபத்துநாலு மணி நேரமும் வேலை நடக்கும்' என்று கிளையண்டுக்குக் காட்டும் விற்பனை விளக்கப் படங்களில் சூரியனெல்லாம் போட்டுக் காட்டுவார்கள். நடைமுறையில், ராத்திரி அவர்கள் அனுப்பிய மெயிலில் ஒரு வரி புரியவில்லை என்றால் அடுத்த மாலைவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால்தான் அந்த மீட்டிங்கைத் தவறவிட முடியாது. இந்த நேர வித்தியாசத்தின் சுமையை வழக்கமாக இந்தப் பக்கம்தான் தூக்குகிறது. காசு கொடுக்கிறவர் எட்டு மணிக்குச் சாப்பிடுவார், வாங்குகிறவர் பத்து மணிக்கு. என் மாமியார் எனக்குத் தட்டில் எடுத்து மூடிவைப்பார். அதைத்தான் உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஓ.எம்.ஆர். பக்கம் இப்போது எல்லோரும் ஜி.சி.சி., ஜி.சி.சி. என்கிறார்கள். பழைய ஐடி கம்பெனிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?
– டெஸ்டிங் பொறியாளர், துரைப்பாக்கம்

ஜி.சி.சி. என்றால் குளோபல் கேப்பபிலிட்டி சென்டர். இடைத்தரகர் இல்லை, அவ்வளவுதான். அமெரிக்க வங்கி, நடுவில் இந்திய ஐடி கம்பெனி, அதற்குக் கீழே நீங்கள் என்று இருந்தது போய், வங்கியே இங்கே அலுவலகம் திறந்து உங்களை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்வது. 2024 கணக்குப்படி இந்தியாவில் இப்படி 1,700-க்கும் மேல் மையங்கள், அவற்றில் 19 லட்சம் பேர். பெயர்தான் புதுசு. உலக வங்கி 2001-லேயே சென்னையில் தன் பின்னணி அலுவலகத்தைத் திறந்துவிட்டது.

என்னைக் கேட்டால், இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்று புரிய ஃபோர்டைப் பார்த்தால் போதும். 2021-ல் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். மறைமலைநகர் தொழிற்சாலை மூடியது. ஆனால் சென்னையில் அவர்களுக்காகக் கணினி, கணக்கு, பொறியியல் வடிவமைப்பு வேலை பார்த்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுநாளும் வழக்கம்போலத் தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். கார் விற்பது நம் ஊர்ச் சந்தையை நம்பியது. இவர்கள் வேலை அமெரிக்காவில் டெட்ராயிட் அருகே இருக்கும் தலைமையகத்தின் கணக்கை நம்பியது.

உங்களுக்கு நடைமுறையில் என்ன மாறும்? சம்பளம் பொதுவாகக் கூடும், பில்லபிளா (உங்கள் நேரத்துக்கு கிளையண்டிடம் பில் போட முடியுமா) இல்லையா என்ற பேச்சு இருக்காது. ஆனால் வெளியே வேறு புராஜெக்டுக்கு மாற்றுங்கள் என்று கேட்க முடியாது. அங்கே இருப்பது ஒரே கிளையண்ட், அதுவே முதலாளி. அங்கே தலைமை மாறினால் இங்கே மையமே விற்பனைக்கு வரலாம்.

17 வருட அனுபவம், வயது 41, புராஜெக்ட் மேனேஜர். பெஞ்சில் இருக்கிறேன். போன வாரம் எச்.ஆர். கூப்பிட்டு, 'நீங்களாகவே ராஜினாமா செய்துவிட்டால் நல்லது' என்கிறார்கள். வீட்டுக்கடன் இருக்கிறது. ஏஐ வந்ததால்தான் இப்படியா?
– பெயர் வேண்டாம், பெரும்பாக்கம்

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், காரணத்தை அப்புறம் பேசலாம் தம்பி.

அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து நீட்டும் காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். என்ன தருகிறார்கள் என்று மெயிலில் கேளுங்கள்: எத்தனை மாதச் சம்பளம், நோட்டீஸ் காலம், ரிலீவிங் லெட்டர் வாசகம், மெடிக்கல் இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை. ஒரே நிறுவனத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால் நீங்களாகப் போனாலும் கிராஜுவிட்டி உண்டு. கணக்கு இதுதான்: கடைசி மாதச் சம்பளத்தில் சட்டம் இதற்குக் கணக்கில் எடுக்கும் பகுதியை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தப் பகுதி 60,000, இங்கேயே 17 வருடம் என்றால் ஏறக்குறைய 5,88,000 ரூபாய் வரும். இதைப் 'பேக்கேஜ்' என்று சலுகைபோலக் காட்டினால் ஏமாறாதீர்கள். அது உங்கள் பணம். ஐடி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. மேனேஜராக இருப்பவரைத் தொழிலாளியாகச் சட்டம் ஏற்குமா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். விசிட்டிங் கார்டில் இருக்கும் பட்டத்தைவிட, நீங்கள் உண்மையில் செய்த வேலைதான் அங்கே பேசும். ஒரு தொழிலாளர் வழக்கறிஞரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி காரணம். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரை, அதாவது ஊழியர்களில் இரண்டு சதவீதத்தை, குறைப்பதாக அறிவித்தது. அதிலும் பெரும்பாலும் நடுத்தட்டு, மேல்தட்டு. மன்னார்குடி ஐயாவுக்குச் சொன்ன பிரமிடின் நடு வயிறு நீங்கள்தான். சம்பளம் ஏறிவிட்டது, உங்கள் பெயரில் பில் போட கிளையண்ட் தயாராக இல்லை. இது ஏஐ வருவதற்கு முன்பே ஒவ்வொரு மந்தத்திலும் நடந்ததுதான். ஏஐ புதிதாகச் செய்வது வேறு: பத்துப் பேர் வேலையை ஆறு பேர் முடித்தால், மணிக்கணக்கில் விற்கும் கம்பெனிக்கு வருமானம் குறையும். திறமை கூடினால் வரவு குறைகிற வியாபாரம் இது. அதனால் கிளையண்ட் இப்போது மணிக்கணக்கு வேண்டாம், முடித்துக் கொடுத்த வேலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசுகிறார். அந்தப் பேரத்தில் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் அனுப்பும் மேனேஜருக்கென்று தனியாகக் காசு இல்லை.

அடுத்த வேலை தேடும்போது எத்தனை பேரை மேய்த்தீர்கள் என்று எழுதாதீர்கள். நீங்கள் எந்தத் துறைக்கு வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். வங்கிக் கடன் வசூலா, மருத்துவக் காப்பீடா, சரக்குக் கப்பல் கட்டணமா? அந்தத் துறையின் ஜி.சி.சி.க்கள் அதைத்தான் பார்க்கும். ஆன்சைட் போய்த் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் போய் வேலை பார்க்க வேண்டிய எச்-1பி விசாவுக்கு ஆண்டு ஒதுக்கீடு இன்னமும் 65,000-மும், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000-மும்தான். அதன்மேல் 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைத்துவருவோருக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று வேறு அறிவித்தார்கள். உங்களுக்காக அதைக் கட்டும் கம்பெனி உங்களைப் பெஞ்சில் வைத்திருக்காது.

நம் ஆட்கள் ஏன் சொந்தமாக மென்பொருள் செய்து விற்பதில்லை?
– வாசகர், நாகர்கோவில்

விற்கிறார்களே. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய ஸோஹோ, 2011-லிருந்து தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் ஆட்களை வைத்து வேலை பார்க்கிறது. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. ஆனால் மாதம் முடிந்தால் நிச்சயமாகச் செக் வரும் தொழில் பக்கத்தில் இருக்கும்போது, விற்குமா விற்காதா என்று தெரியாத சரக்கில் காசைப் போட நம் பெரிய கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு மனசு வரவில்லை. போட்டதும் பாதியில் கைவிட்டதும் உண்டு; நானே அப்படி ஒரு டீமில் இருந்தேன், ஒரு காலாண்டு வருமானம் குறைந்ததும் எங்களைப் பில்லபிள் புராஜெக்டுகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். ஜாவாவா, பைத்தானா? கோபால் இன்னும் இருக்கிறதா?
– மாணவன், கோவில்பட்டி

இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளில் உள்ளே தோண்டினால் கடைசியில் அதுதான் கிடக்கும். தெரிந்தவர்கள் ஓய்வுபெறப் பெற, ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ஆனால் இருபது வயதில் அதில் போய் உட்காராதீர்கள். ஜாவாவோ பைத்தானோ, கல்லூரியில் எதற்கு நல்ல ஆசிரியர் இருக்கிறாரோ அதில் தொடங்குங்கள். கூடவே வீட்டில் அப்பா பெயரில் ஒரு எல்.ஐ.சி. பாலிசி இருக்கும். அதை எடுத்து, பிரீமியம் ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும், முதிர்வுத் தொகையை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்று படித்து, அதற்கு ஒரு புரோகிராம் எழுதிப் பாருங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று எழுதினால் அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.